வேறு வீட்டில் படிக்கக் கொடுக்காத பத்தி

போன மாதம் நிவேதா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மார்க் போடும் செயலி ஒன்று டேப்லெட்டில் வந்துவிட்டதாம். நிமிடத்துக்கு எத்தனை சொல் படித்தான், எங்கே திக்கினான், எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுமாம்.

"சூப்பர் மேம். இனிமே நாம ஸ்கூலுக்குப் போகவே வேணாம்."

"படிச்சது புரிஞ்சுதான்னு அது சொல்லுமா?"

"அது அடுத்த வெர்ஷன்ல வருதாம் மேம்."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அடுத்த வெர்ஷனில்தான் வந்துகொண்டிருக்கிறது. பிறகு விஷயத்துக்கு வந்தாள். அலுவலக ஆண்டு மலருக்கு நான் ஒரு அனுபவக் கட்டுரை எழுத வேண்டும், வெற்றிக் கதையாக இருந்தால் உத்தமம். என்னிடம் இருப்பது நான் வகையாக மாட்டிக்கொண்ட கதை, அதைத்தான் எழுதுவேன் என்றேன். "ஓகே மேம்" என்றாள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் அலுவலகம் அம்பத்தூரில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பள்ளிகளுக்கு வாசிப்புப் புத்தகம் போடுகிறவர்கள் அதை எங்களிடம் கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வருவது தவிர, உலகத்தைப் பற்றியும் நாலு விஷயம் சேருகிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜாதகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி என் கையில் கொடுங்கள். ஒரு சொல் விடாமல் வாசித்துவிடுவேன். கடைசியில் பையனுக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினமும் இப்படித்தான் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கவனக்குறைவு.

நான் பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தி, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, அது நடக்க ஆரம்பித்ததும் இங்கே வந்து சேர்ந்தேன். பயிற்சி மூன்று மாதம். அதில் இரண்டு மாதம் கருத்தரங்கில் போண்டா தின்றேன். மீதி ஒரு மாதம் தேவசகாயம் சாரிடம்.

சார் திருநெல்வேலிக்காரர். எங்கள் பிரிவுக்குத் தலைவர். புத்தகத்தை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றபடிதான் படிப்பார். உட்கார்ந்தால் எல்லாப் புத்தகமும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றுமாம். யாரையும் திட்டியதில்லை. மேஜை இழுப்பறையில் கருப்பட்டி மிட்டாய் வைத்திருப்பார். ஒருவரைக் கூப்பிட்டு மிட்டாயை நீட்டினார் என்றால் அந்த ஆள் தொலைந்தார் என்று அர்த்தம். அலுவலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் "எனக்கு சுகர் சார்" என்று பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் கற்றுக்கொடுத்த முதல் வித்தை, மூடுவது. பத்தியைக் கையால் மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் படிக்க வேண்டும். பதில் சொல்ல முடிந்தால் கேள்வியைக் குப்பையில் போட வேண்டும். 'மரம் வெட்டுவது நல்லதா?' என்ற கேள்விக்குப் பத்தி எதற்கு? கீழே இரும்புக்கடையில் லோடு ஏற்றுகிற அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்போம். பத்தியைக் கண்ணாலும் பார்க்காமல் பத்துக்கு ஏழு வாங்குவார். அவர் ஏழு வாங்கினால் அந்தத் தேர்வுத்தாள் திரும்பிப் போகும். அவரால் திரும்பிப்போன தாள்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன.

இரண்டாவது வித்தை ஆசிரியர்களுக்கு. ஒரு கூட்டத்தில் சார் இப்படி எழுதிப் போட்டார்: 'துமுக்கன் பளவியில் சொலிந்தான். அவன் கையில் ஒரு நெம்பட்டை இருந்தது. நெம்பட்டையைக் கண்ட கிறவை ஓடியது.' துமுக்கன் எங்கே சொலிந்தான்? பளவியில். கிறவை ஏன் ஓடியது? நெம்பட்டையைக் கண்டதால். மண்டபம் முழுக்க நூற்றுக்கு நூறு. ஆளாளுக்குச் சிரித்து முதுகைத் தட்டிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரே ஒரு அம்மா கையைத் தூக்கி, "சார், நெம்பட்டைன்னா இன்னா சார்?" என்றார். "இன்னைக்கு இந்த மண்டபத்துல படிக்கத் தெரிஞ்சவங்க இந்த அம்மா ஒருத்திதான்" என்றார் சார். மத்தியானச் சாப்பாட்டில் சாரோடு யாரும் பேசவில்லை.

மூன்றாவது, நூல் பலகை. ஒரு தொடரின் மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பிரித்து, ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிப் பலகையில் குண்டூசியால் குத்துவோம். முன்னால் வந்த பாடம் சொல்லிக் கொடுத்த ஏதோ ஒன்று பின்னால் வரும் பாடத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே எம்பிராய்டரி நூல் கட்ட வேண்டும். நல்ல தொடர் என்றால் பலகையே தெரியாது, அவ்வளவு நூல் இருக்கும். ஒரு அறக்கட்டளை எங்களிடம் கொடுத்த தொடருக்கு நாள் பூராவும் தேடி நாலே நாலு நூல் கட்டினேன். அதில் ஒன்று, இரண்டு பாடங்களிலும் காக்கா வருகிறது என்பதற்காகக் கட்டியது. பென்குவினுக்கு அடுத்த வாரம் சிக்கனம், அதற்கடுத்த வாரம் தபால்காரர், அப்புறம் ஏனோ மறுபடியும் பென்குவின். "இது புத்தகம் இல்லம்மா, மிக்சர் பொட்டலம்" என்றார் சார். அறிக்கையில் அதையே கொஞ்சம் கௌரவமாக எழுதி அனுப்பினோம். புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.

என் கதை அந்த அறக்கட்டளையோடுதான். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் சில அரசுப் பள்ளிகளில் அவர்கள் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். பள்ளிக்கு ஒரு ஒப்பந்த ஆசிரியை. வருஷக் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைப்போம். முதலில் வரும் பள்ளிக்கு ஷீல்டு. கடைசியில் வரும் பள்ளியில் வகுப்பை மூடி, ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புத்தகங்களை வேறு பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். தேர்வுத்தாள் தயாரிப்பது எங்கள் வேலை.

அந்த வருஷம் சாருக்குக் கண் ஆபரேஷன். பத்தி எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தார். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே நான் எழுதி முடித்த பத்தி இது:

'ஏழு மணிக்கு சைரன் ஊதியது. அப்பா பாயிலேயே படுத்திருந்தார். அம்மா அவரை எழுப்பவில்லை. எங்களையும் சத்தம் போடாதீர்கள் என்றாள். சமையல் முடிந்ததும் சாப்பாட்டைக் கேரியரில் வைத்து மூடினாள். அப்பா எழுந்து குளித்துவிட்டு வந்தார். மறுபடியும் சைரன் ஊதியது.'

கேட்டதில் அதிக மார்க் உள்ள கேள்வி: அம்மா ஏன் அப்பாவை எழுப்பவில்லை?

பதில் பத்தியில் எங்கேயும் இல்லை. பிள்ளையே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். கையால் மூடிப் பார்த்தேன், லோடு அண்ணனால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஒரு விதிதான் பாக்கி. எழுதியவர் வீட்டுச் சோறு வேறு, படித்துப் பார்ப்பவர் வீட்டுச் சோறு வேறாக இருக்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. வேறு தொழில் செய்கிற வீட்டில் படிக்கக் கொடுத்து, அவர்களுக்கும் புரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். நான் அடுத்த வீட்டு விஜயாவிடம் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரருக்கும் அதே ஃபேக்டரி, அதே ஷிப்ட். "எங்க வீட்டுக் கதைய அப்படியே எழுதிட்டீங்களேக்கா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பள்ளி முதலிடம். தலைமை ஆசிரியர் ஷீல்டோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோவில் ஷீல்டு அவரைவிடப் பெரிதாக இருந்தது. கடைசி இடம், குத்தம்பாக்கம் தாண்டி ஒரு சின்னப் பள்ளி. இப்போது அந்தப் பக்கம் பஸ் நிலையமெல்லாம் வந்துவிட்டது. அன்றைக்குப் பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

அந்தப் பள்ளியின் வாசிப்பு ஆசிரியை கோமளாவை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால், அந்த வருஷ நடுவில் அவள் வகுப்பைப் பார்வையிட்டுப் பத்துக்கு இரண்டு மார்க் போட்டிருந்தேன். காரணம், பக்க வரிசை. மூன்றாம் வகுப்பில் இருந்த 'காயம்' பாடம், நாலாம் வகுப்பு 'இதயம்', ஐந்தாம் வகுப்பு 'ரத்ததானம்' எல்லாவற்றையும் ஒன்றாகக் கிழித்துத் தைத்து ஒரு மாதம் பூரா நடத்தினாள். பிள்ளைகள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நாடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் படிவத்தில் 'புத்தகம் கிழிக்கப்படாமல் உள்ளதா' என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று டிக் செய்தேன். கட்டின நூலே நாலுதான் என்று புத்தகத்தைக் குறை சொன்னவள் நான். அங்கே ஒருத்தி தானே உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

வகுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது என்று நேரில் சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்கவும் நான்தான் போனேன். கோமளா பூந்தமல்லிக்காரி. கணவர் இல்லை, ஒரு பெண் குழந்தையும் இந்தச் சம்பளமும்தான். கெஞ்சுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் விடைத்தாள் கட்டை என் முன்னால் போட்டாள். "படிச்சிப் பாருங்க மேடம். சைபர் போட்டு அனுப்பிட்டீங்களே, இன்னா எழுதிகீறாங்கன்னு ஒருத்தராவது படிச்சீங்களா?"

திருத்தியது வேறொரு ஆள். பதில் 'ஷிப்ட்' என்று இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. நான் அன்றுதான் படித்தேன். 'அப்பாவுக்குக் காய்ச்சல். சைரன் ஊதினது ஆம்புலன்ஸ்' என்று பாதிப் பேர். 'நேத்து சண்டை. அதான் எழுப்பல' என்று சிலர். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அப்பாவுக்கு வேலை போயிடுச்சி. எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா கேரியர் கட்டுது.'

நான் எழுதிய பத்தியைவிட அது நல்ல கதை. அதற்குத்தான் சைபர்.

"இந்த ஊர்ல யாருக்கு மேடம் சைரன் ஊதுது?" என்றாள் கோமளா. "எங்க பசங்க அப்பாங்க விடியறதுக்குள்ள போயி இருட்டினா வர்றவங்க. பகல்ல ஒருத்தர் படுத்துனு இருந்தாருன்னா ஒண்ணு சீக்கு, இல்ல வேல இல்ல. அதான எழுதிகீறாங்க? இதுல இன்னா தப்பு?"

தப்பு எங்கே என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அந்தத் தேர்வு புத்தகத்தை அளக்கவில்லை, ஆசிரியையை அளக்கவில்லை. எந்தப் பிள்ளையின் அப்பா எந்த கேட்டுக்குள் வேலைக்குப் போகிறார் என்பதை அளந்திருந்தது. ஷீல்டு கொடுக்க வேண்டுமென்றால் ஃபேக்டரி சைரனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

தெரிந்ததும் என்ன செய்தேன்? கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். "மேலிடத்துல சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பதினோரு நாள் மேலிடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நிரந்தரம் ஆக்குகிற கோப்பு அந்த மாதம்தான் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. விஜயாவின் கையெழுத்து வெளியே வந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும். ஊரான் வீட்டுப் பத்தியை எல்லாம் கையால் மூடி மூடிக் கிழித்தவள், சொந்தப் பத்தி என்றதும் வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் சார் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். ஜன்னலோரம் நின்று என் பத்தியைப் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். இழுப்பறையைத் திறந்து மிட்டாயை நீட்டினார்.

"யாரும்மா படிச்சுப் பாத்தது?"

"விஜயா சார். பக்கத்து வீடு."

"அவ வீட்டுக்காரர் என்ன பண்ணுதாரு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோமளா, விடைத்தாள், பதினோரு நாள், கோப்பு, ஒன்று விடவில்லை. அழுகை வேறு. வாயில் கருப்பட்டி மிட்டாயை வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு அசிங்கம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அழுது என்ன செய்ய? அளந்து பாப்போம். அந்தக் கோமளாம்மாவ ஒரு பத்தி எழுதச் சொல்லுங்க. ரெண்டு பள்ளிக்கும் அதக் கொடுப்போம்."

கோமளா எழுதிக் கொடுத்தாள். 'விடிய விடிய மழை. காலையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தது. அண்ணன் வலையை எடுத்துக்கொண்டு ஓடினான். அன்று வகுப்பில் நாலு பேர்தான் இருந்தோம். டீச்சர் கோபிக்கவில்லை.' டீச்சர் ஏன் கோபிக்கவில்லை? கோமளாவின் ஏரிக்கரைப் பிள்ளைகள் எல்லோரும் எழுதியது ஒன்றுதான்: உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழிந்தால் மீன் ஏறும், ஊரே அங்கேதான் இருக்கும், டீச்சருக்கும் மீன் வரும். ஷீல்டு வாங்கிய பள்ளியில் முக்கால்வாசிப் பேர் எழுதிய பதில்: 'ஏனெனில் டீச்சர் நல்லவர்.'

"ஆச்சா? இப்ப அவங்க சைபர், இவங்க நூறு. ரெண்டும் பொய்" என்றார் சார். "வீடு கொடுத்தத விட்டுருவோம். புத்தகமும் வகுப்பும் என்ன கொடுத்துச்சுன்னு பாக்கணும்." மூன்றாவது பத்தியை அவரே எழுதினார். இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் வீட்டிலும் பேசாத விஷயம், ஆனால் இரண்டு பள்ளிகளுமே நடத்தி முடித்த பாடங்களிலிருந்து. ஒரு சிறுமிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். ஏன் கண்ணைப் பார்த்தார்?

அந்தப் பத்தியை இரும்புக்கடை வீட்டிலும், ஒரு பேக்கரி வீட்டிலும், ஒரு ஆட்டோக்காரர் வீட்டிலும் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். மூன்று கையெழுத்துக்கும் நானே நடந்தேன்.

முதலிடப் பள்ளியின் ஆசிரியை புத்தகத்தைப் பக்கம் பக்கமாக, ஒரு பாடம் பிசகாமல் நடத்தியவர். பாவம், அவர் மேல் குற்றமே இல்லை. 'காயம்' நடத்தி இரண்டு வருஷம் கழித்து 'ரத்ததானம்' வந்தால் பிள்ளை எதை எதோடு சேர்க்கும்? 'கண்ணில் தூசி விழுந்ததால்' என்று எழுதியிருந்தார்கள். கோமளாவின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் ரத்தத்தைத் தொட்டுவிட்டார்கள். ஒருவன் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: 'இமை உள்ளே சேப்பா கீதான்னு பார்த்தார். ரத்தம் கம்மியானா காத்து உடம்புக்குப் போய்ச் சேராது. அதான் மூச்சு வாங்குது.'

எழுத்துப்பிழையோடு எழுதிய அந்த மூன்று வரியை சார் ஜன்னலோரம் நின்று படித்தார். பிறகு முதல் தடவையாக உட்கார்ந்து படித்தார்.

அறக்கட்டளைக் கூட்டம் பூந்தமல்லியில். இயக்குநர் கைத்தறி ஜிப்பா போட்டவர், இனிமையாகப் பேசுகிறவர். அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஹ்யூமன் எரர்தானே மேடம். அச்சுப் பிழைன்னு போட்டு அந்தக் கேள்விய மட்டும் எடுத்துடலாம். யாருக்கும் சங்கடம் இல்லாம போயிடும்" என்றார். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்தால், அதே ஷிப்டை நம்பிக் கேட்ட மற்ற கேள்விகள் நிற்கும். கோமளா அப்போதும் கடைசிதான். சார் என்னைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்து இயக்குநருக்கு நீட்டினார். விவரம் தெரியாத மனுஷன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"அச்சுப் பிழை இல்ல சார்" என்றேன். "பத்தி எழுதினது நான். விதியை மீறினது நான். தெரிஞ்ச பிறகு பதினோரு நாள் பேசாம இருந்ததும் நான். அதையும் சேத்து எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷத் தேர்வு முழுக்க ரத்தானது. கோமளாவுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. என் கோப்பு இரண்டு வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது. ஷீல்டைத் திருப்பிக் கேட்டபோது அந்தத் தலைமை ஆசிரியர், சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது, எடுத்தால் ஓட்டை தெரியும் என்று பதில் எழுதினார். இன்னும் அங்கேதான் இருக்கும்.

உத்தரவைக் கொடுக்க நானே போனேன். கோமளா வாங்கிப் படித்தாள். சந்தோஷப்படுவாள், ஒரு டீயாவது வாங்கித் தருவாள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"எனக்கு சரி மேடம். பசங்களுக்கு யாரு சொல்றது?"

"என்ன சொல்லணும்?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளு இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்னு எங்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க. 'நாங்க மக்கு டீச்சர், எங்களாலதான் உங்களுக்கு வேல போச்சு'ன்னு. நான் இல்லன்னேன். நம்பல. மார்க் போட்டது ஆபீஸாச்சே. அன்னிலேர்ந்து ஒருத்தரும் வாயத் தொறந்து படிக்கறதில்ல."

கோப்புக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும், பத்து வயதுப் பிள்ளைகள் தங்களை மக்கு என்று நம்பிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த அறிக்கையிலும் இது இல்லை.

வகுப்புக்குள் போனேன். கூட்டங்களில் இரண்டு மணி நேரம் பேசுகிறவளுக்கு அங்கே நாலு வாக்கியம் கோர்க்க முடியவில்லை. "அந்த சைரன் கேள்விய எழுதினது நான்தான். தப்பான கேள்வி. நீங்க எழுதின பதில் எல்லாம் சரியான பதில். உங்களால யாருக்கும் வேல போகல. தப்பு பண்ணது நான்" என்றேன்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எழுந்து நின்றாள்.

"அப்ப உங்களுக்கு எவ்ளோ மார்க் மிஸ்?"

கோமளா சாக்பீஸை என்னிடம் நீட்டினாள். கரும்பலகையில் என் பெயரை எழுதி, ஹேமலதா, அதற்கு நேராகப் பெரிதாக ஒரு சைபர் போட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பலகையில் இருந்ததை அதில் அப்படியே எழுதி என் கையில் கொடுத்தாள்.

"வூட்ல கையெழுத்து வாங்கினு வரணும் மிஸ்."

வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்ததும் தாளை நீட்டினேன். விஷயத்தைக் கேட்டார். ஓவர்டைம் தாளில் போடுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் லீவு போட்டு, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, அந்தப் பள்ளிக்குப் போனேன். அந்தப் பெண் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"சரி, ஒக்காருங்க மிஸ்" என்றாள்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.